இலவச மென்பொருளை விற்பவர்கள் செய்யும் தவறுகள்

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் சென்ற ஆண்டு தம் மடிக்கணினியை என்னிடம் கொண்டுவந்தார். கணினிக் கடை ஒன்றில் ‘ஆபீஸ் மென்பொருள்’ என்று 2,000 ரூபாய்க்கு ஒரு பென்டிரைவை வாங்கியிருந்தார். திறந்து பார்த்தேன்; லிப்ரே ஆபீஸ்! தொடக்கத் திரையில் வேறு பெயர். உரிம விவரமும் உருவாக்கியவர்களின் குறிப்பும் இருக்க வேண்டிய பக்கத்தில் கடையின் கைப்பேசி எண். உறையின் மேல் ‘நகலெடுப்பது சட்டவிரோதம்’ என்று ஒரு ஸ்டிக்கர் வேறு. “இது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும் ஐயா” என்றேன். ஆண்டுச் சந்தா என்று மேலும் 800 ரூபாய் கேட்டிருக்கிறார்கள் என்றார் அவர்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கடைக்காரர் விலை வைத்ததற்காகக் கோபப்படவில்லை. லிப்ரே ஆபீஸ் போன்ற கட்டற்ற மென்பொருளை, அதாவது யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் மென்பொருளை, காசுக்கு விற்பதே பாவம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். முதலில் விட வேண்டிய தவறு அதுதான். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனே 1985-இல் ஈமேக்ஸ் என்ற உரைதிருத்தியைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றார். கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளை அதன் குழுவே ஸ்டீம் என்ற இணைய விற்பனைத் தளத்தில் விற்று, வரும் பணத்தை அதன் வளர்ச்சிக்குச் செலவிடுகிறது.

பெயரை மாற்றியதும் தன்னளவில் குற்றமில்லை. நிரலைத் தரும் உரிமம் வணிகச்சின்னத்தையும் சேர்த்துத் தந்துவிடுவதில்லை. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவுடன் ஏற்பட்ட வணிகச்சின்னச் சிக்கலால், டெபியன் என்ற இயங்குதளத்தின் குழு 2006-இல் அந்த உலாவியை ஐஸ்வீசல் என்று பெயர் மாற்றித்தான் வழங்கியது. எதிலிருந்து பிறந்தது என்பதை மட்டும் அவர்கள் மறைக்கவில்லை. எம்ஐடி, பிஎஸ்டி போன்ற தாராளமான மென்பொருள் உரிமங்கள்கூடப் பதிப்புரிமைக் குறிப்பை அப்படியே வைக்கச் சொல்கின்றன. பல ஆண்டுகள் உழைத்தவர்களுக்கு அந்த ஒரு வரிதான் கூலி. அதை அழிக்க எப்படி மனம் வருகிறது?

அடுத்தது மூலநிரல், அதாவது நிரலாளர் எழுதிய, படித்து மாற்றக்கூடிய வடிவம். ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வரும் மென்பொருளுக்கு எவ்வளவு விலையும் வைக்கலாம். ஆனால் வாங்கியவருக்கு மூலநிரலைக் கொடுத்தாக வேண்டும். 1991-இல் வந்த அந்த உரிமத்தின் இரண்டாம் பதிப்பின்படி, மூலநிரலை உடன் தராதவர், கேட்பவருக்குத் தருவதாக 3 ஆண்டுகளுக்குச் செல்லும் எழுத்துறுதியாவது தர வேண்டும். பெரிய நிறுவனங்களே இதில் வழுக்கியிருக்கின்றன. சிஸ்கோ நிறுவனம் விற்ற லிங்சிஸ் வலையமைப்புக் கருவிகளில் இருந்த ஜிபிஎல் நிரலுக்காகக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2008 டிசம்பரில் சிஸ்கோ மீது வழக்குத் தொடுத்தது. மறு ஆண்டு சமரசத்தில் முடிந்தது.

அந்த ஸ்டிக்கரும் பொய்தான். வாங்கியவர் நகலெடுக்கலாம், நண்பருக்குக் கொடுக்கலாம். அந்த உரிமையைத் தருவதற்காகவே இத்தகைய உரிமங்கள் எழுதப்பட்டன. நிறுவும் கோப்பில் விளம்பர நிரல்களைச் செருகுவதைப் பற்றி நான் விளக்கவே வேண்டியதில்லை. பழைய பதிப்பை விற்றுவிட்டு மறந்துபோவது அதற்குச் சற்றும் குறையாத கேடு: ஆசிரியரின் கணினியில் இருந்தது பல பதிப்புகள் பழையது, பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வந்து சேரவில்லை.

ரசீதில் இப்படி எழுதினால் போதும்: ‘லிப்ரே ஆபீஸ், இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது. நிறுவி, தமிழ் விசைப்பலகை அமைத்து, ஒரு மணி நேரம் கற்றுக்கொடுத்ததற்கு 500 ரூபாய்.’ ஆசிரியரிடம் இதைச் சொன்னபோது, அந்தத் தொகையை மகிழ்ச்சியாகக் கொடுத்திருப்பேன் என்றார்.