முர்தபாவில் பின்னம்

என் பேத்தி தொடக்கநிலை நான்கில் படிக்கிறாள். பள்ளியில் கணக்கு ஆங்கிலத்தில்தான். எனக்கோ பின்னம் தமிழில்தான் வரும். அதனால் சிங்கப்பூர்த் தேக்காவில் வாங்கிவரும் முர்தபாவை, அதாவது உள்ளே கறி வைத்து மடித்த ரொட்டியை, வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன்.

முர்தபாவை எட்டுச் சமத் துண்டுகளாக வெட்டுங்கள். சமம் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஓரத்துண்டு சின்னதாகிவிட்டால் அது எட்டில் ஒன்று ஆகாது. போன வாரம் என் கத்தி கோணிப்போய், அந்தத் துண்டு யாருக்கு என்று பெரிய சண்டை. சரி, தட்டில் மூன்று துண்டு வைத்தால் 3/8. கோட்டுக்குக் கீழே இருக்கும் 8க்குப் பெயர் 'பகுதி': முழுசை எத்தனையாகப் பிரித்தோம் என்பது. மேலே இருக்கும் 3க்குப் பெயர் 'தொகுதி': அதில் எத்தனை எடுத்தோம் என்பது.

பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். 1/4 பெரிதா, 1/8 பெரிதா என்றால், "எட்டுதானே பெரிசு, பாட்டி" என்பாள். எட்டுப் பேருக்குப் பங்கு வைத்தால் உனக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கேளுங்கள், முகமே மாறிவிடும்.

வகைகள் சுலபம். தொகுதி சிறியதாக இருந்தால் தகு பின்னம். பகுதிக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருந்தால் தகாப் பின்னம். இரண்டு முர்தபா வாங்கி 11 துண்டு தின்றால் 11/8. அதையே ஒரு முழுசும் 3/8-உம் என்று எழுதினால் கலப்புப் பின்னம். மாற்றுவதற்கு 11ஐ 8ஆல் வகுங்கள்: ஈவு 1, மீதி 3. திரும்பி வர, 1 × 8 + 3 = 11, அதுதான் தொகுதி.

அப்புறம், 1/8க்குத் தமிழில் 'அரைக்கால்' என்றே பெயர் உண்டு, காலில் பாதி. இதைச் சொன்னால் பேத்தி தன் காலைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறாள்.