பென் டிரைவைப் பூட்டும்போது செய்யும் தவறுகள்

பென் டிரைவில் உள்ள ஃபோல்டரை ‘ஹிட்டன்’ ஆக்கிவிட்டு, பூட்டியாச்சு என்று நிம்மதியாகத் திரிபவர்கள் நிறைய பேர். மறைத்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி விண்டோஸில் ஒரு டிக் போட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். ஃபோல்டரைப் பூட்டித் தருவதாகச் சொல்லும் இலவச புரோகிராம்கள் சிலவற்றின் லட்சணமும் இதுதான். பாஸ்வேர்டு கேட்கும் ஒரு திரையை வாசலில் நிறுத்துவார்கள். உள்ளே ஃபைல் அப்படியே கிடக்கும். அதே டிரைவை லினக்ஸ் கணினியில் செருகினால் திரை வராது, ஃபைல் மட்டும் வரும். என்கிரிப்ட் செய்தால்தான் ஃபைலின் உள்ளடக்கமே உருமாறும். அதற்குப் பிறகு எந்தக் கணினியில் செருகினாலும் பாஸ்வேர்டு இல்லாதவருக்கு அது வெறும் குப்பை.

அடுத்த ஏமாற்றம் ஜிப் ஃபைல். பாஸ்வேர்டு போட்ட ஒரு ஜிப்பை இருமுறை கிளிக் செய்து பாருங்கள். பாஸ்வேர்டு கேட்பதற்கு முன்பே பட்டியல் வந்து நிற்கும்: ‘ரத்தப் பரிசோதனை முடிவு’, ‘விவாகரத்து மனு - வரைவு 2’. இதற்கு மேல் யார் திறந்து பார்க்க வேண்டும்? சரி, பெயர்தானே என்று விட்டுவிடவும் முடியாது. ஃபைல்களைச் சுருக்கிப் பூட்டும் 7-ஜிப் என்ற இலவச மென்பொருளில் ஜிப் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால், என்கிரிப்ஷன் முறை என்ற இடத்தில் தானாக வந்து நிற்பது ஜிப்கிரிப்டோ என்ற பழைய முறை. உள்ளே இருக்கும் ஒரு ஃபைலின் பத்துப் பதினைந்து பைட்டுகள் தெரிந்தால் இதை உடைத்துவிடலாம் என்று பிஹாம், கோச்சர் என்ற குறியாக்க ஆய்வாளர்கள் இருவரும் 1994-லேயே காட்டிவிட்டார்கள். ஒரு பிஎன்ஜி படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் படமானாலும் அதன் முதல் 16 பைட்டுகள் ஒன்றுதான். அதைச் சுருக்காமல் அந்த ஜிப்பில் வைத்திருந்தால், உடைப்பவருக்கு உங்கள் பாஸ்வேர்டே தேவைப்படாது. ஆகவே ஜிப்புக்குப் பதிலாக 7-ஜிப்பின் சொந்த வடிவமான 7இசட்டைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஏஇஎஸ்-256 என்ற வலுவான என்கிரிப்ஷன் முறை வந்துவிடும். ஃபைல் பெயர்களையும் என்கிரிப்ட் செய்யச் சொல்லும் கட்டத்தில் மறக்காமல் டிக் போடுங்கள், அது தானாக விழாது.

எக்செலில் ‘ஷீட்டைப் பாதுகா’ என்பது கட்டங்களில் யாரும் கை வைக்காமல் இருப்பதற்கு மட்டுமே. படிக்கவிடாமல் தடுக்க, ஃபைலைத் திறப்பதற்கே பாஸ்வேர்டு வைக்க வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது பழைய நகலில்தான். ஃபைலை முதலில் பென் டிரைவில் போடுவார்கள், அங்கேயே பூட்டிய நகல் ஒன்றை உருவாக்குவார்கள், அப்புறம் அசலை அழிப்பார்கள். அழித்தது எங்கும் போய்விடாது; போட்டோரெக் போன்ற இலவச மென்பொருளே அதைத் தோண்டி எடுத்துவிடும். மேலே வேறு எதையாவது எழுதி மூடிவிடலாம் என்றால் அதையும் நம்ப முடியாது. ஃபிளாஷ் நினைவகம் சீக்கிரம் தேய்ந்துவிடாமல் இருக்க, டிரைவுக்குள் இருக்கும் சிப் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் எழுதும். பழைய இடம் அப்படியே இருக்கலாம். அதனால் காலி டிரைவை முதலிலேயே என்கிரிப்ட் செய்துவிட்டு, பிறகு ஃபைலைப் போடுவதே நல்லது. ஏற்கெனவே புழங்கிய டிரைவா? விண்டோஸிலேயே இருக்கும் என்கிரிப்ஷன் வசதியான பிட்லாக்கர் கேட்கும்போது ‘பயன்படுத்திய இடம் மட்டும்’ என்பதை விட்டு ‘முழு டிரைவும்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

நகல் மிஞ்சுவது டிரைவில் மட்டுமல்ல. 7-ஜிப்பின் ஜன்னலுக்குள்ளேயே ஒரு ஃபைலை இருமுறை கிளிக் செய்து திறந்தால், அது அந்தக் கணினியின் டெம்ப் (தற்காலிக) ஃபோல்டரில் பூட்டில்லாத நகலாக விரியும். ஜன்னலை மூடும்போது வழக்கமாக அழிந்துவிடும். இடையில் கணினி உறைந்துபோனால் அங்கேயே தங்கிவிடும். அடுத்தவர் கணினியில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

எந்தக் கணினியில் திறக்கப் போகிறீர்கள் என்பதைப் பூட்டும் முன்பே யோசிக்காமல் பிறகு திண்டாடுபவர்களும் உண்டு. விண்டோஸ் ஹோம் பதிப்பில் பிட்லாக்கரால் பூட்டிய டிரைவைத் திறக்கலாம், புதிதாகப் பூட்ட முடியாது. மேக்கில் தனி மென்பொருள் இல்லாமல் அது திறக்காது. வேராகிரிப்ட் என்ற இலவச என்கிரிப்ஷன் மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆனால் அதை நிறுவாத அலுவலகக் கணினியில் அட்மின் அனுமதி இல்லாவிட்டால் கைவிரித்துவிடும். டிரைவ் ஃபேட்32 வடிவத்தில் இருந்தால் 4 ஜிபியைத் தாண்டிய பெட்டகத்தை (ஃபைல்களைப் பூட்டி வைக்க வேராகிரிப்ட் உருவாக்கும் ஒரே பெரிய ஃபைல்) அதில் வைக்கவும் முடியாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

பாஸ்வேர்டு மறந்தால் திறப்பதற்காக பிட்லாக்கர் தரும் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் அச்சிட்டு, அதே பென் டிரைவ் உறைக்குள் மடித்து வைத்தவரை எனக்குத் தெரியும். அவரைக் கிண்டல் செய்ய எனக்குத் தகுதியில்லை. வேராகிரிப்ட் பெட்டகம் திறந்திருக்கும்போதே அவசரத்தில் டிரைவைப் பிடுங்கியவன் நான். மறுபடி செருகியபோது பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டது, பெட்டகமும் திறந்தது, உள்ளே பாதி ஃபைல்கள் படிக்க முடியாமல் போயிருந்தன. வேறு எங்கும் நகல் எடுத்து வைத்திருக்கவில்லை.