மட்டு மதிப்பும் எண்களின் குறியும்: தரவுப் போதுமை வினாக்களைத் தீர்க்கும் முறை

தரவுப் போதுமை வினாவில் விடையைக் கண்டுபிடிக்கச் சொல்வதில்லை. ஒரு கேள்வியும் அதன் கீழ் இரண்டு கூற்றுகளும் கொடுத்து, அந்தக் கூற்றுகள் தனித்தனியாகவோ சேர்ந்தோ விடை காணப் போதுமா என்றுதான் கேட்கிறார்கள். மேலாண்மைப் படிப்புகளில் சேர எழுதும் ஜிமேட் (GMAT) தேர்வில் இவை ‘டேட்டா இன்சைட்ஸ்’ பிரிவில் வருகின்றன. அங்கே 20 வினாக்களுக்கு 45 நிமிடம், அதாவது ஒன்றுக்கு இரண்டேகால் நிமிடம். மட்டு மதிப்பை (|க|, அதாவது பூச்சியத்திலிருந்து க உள்ள தொலைவு) கண்டதும் பலர் அந்த நேரம் முழுவதையும் சமன்பாட்டைத் தீர்ப்பதில் கரைத்துவிடுகிறார்கள். குறியைப் பற்றிய வினாக்களில் எண்ணின் அளவு பெரும்பாலும் தேவைப்படாது; அது மிகையா, குறையா, பூச்சியமா என்று தெரிந்தால் போதும்.

முதலில் கேள்வி எந்த வகை என்று பாருங்கள். “க-வின் மதிப்பு என்ன?” என்றால் ஒரே ஒரு மதிப்பு வர வேண்டும்; |க| = 5 போதாது. “க > 0 ஆ?” என்பது ஆம்/இல்லை வினா. இதில் உறுதியான ‘இல்லை’யும் போதுமான தகவலே. |க| = −க என்று கொடுத்தால் க ≤ 0; விடை எப்போதும் ‘இல்லை’, ஆகவே கூற்று போதும். ‘இல்லை’ என்று வந்ததாலேயே ‘போதாது’ என்று குறித்து மதிப்பெண்ணை இழப்பவர்கள் நிறைய.

அடுத்து, கணக்கைத் தொடங்கும் முன் ஒவ்வொரு கூற்றும் குறியைப் பற்றி என்ன சொல்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். |க| = க எனில் க ≥ 0. |க| > க எனில் க < 0. |க|/க = −1 என்றாலும் க < 0 தான்; க பின்னத்தின் பகுதியில் (கீழே) இருப்பதால் பூச்சியத்துக்கு இடமில்லை. க²ச > 0 எனில் ச மிகை, க பூச்சியமல்ல. க-வின் குறி தெரியாது. |க| > |ச| என்பது பூச்சியத்திலிருந்து எது அதிகத் தொலைவில் உள்ளது என்று மட்டும் சொல்கிறது.

இப்போது ஒரு வினா: கச > 0 ஆ?
கூற்று 1: |க + ச| = |க| + |ச|
கூற்று 2: |க − ச| < |க| + |ச|

கூற்று 1-ஐப் பார்த்ததும் “இரண்டும் ஒரே குறி” என்று தோன்றும். க = 0, ச = 5 என்று போட்டுப் பாருங்கள்: 5 = 5, கூற்று சரி; ஆனால் கச = 0, விடை ‘இல்லை’. க = 2, ச = 5 எனில் ‘ஆம்’. ஆகவே போதாது. கூற்று 2-இல் எதிரெதிர்க் குறிகளைப் போட்டால் இரு பக்கமும் சமமாகிவிடும். ஒன்று பூச்சியமானாலும் அப்படியே. ‘<’ உண்மையாக வேண்டுமானால் இரண்டும் பூச்சியமல்லாத, ஒரே குறியுள்ள எண்களாகத்தான் இருக்க வேண்டும். எனவே கூற்று 2 மட்டும் போதும். இரண்டு கூற்றுகளையும் பிரித்துக் காட்டியது பூச்சியம் ஒன்றே.

இன்னொன்று: க > 0 ஆ?
கூற்று 1: |க + 3| = 4க − 3
கூற்று 2: |க + 3| = |4க − 3|

இரண்டையும் இயந்திரம்போலத் தீர்த்தால் க = 2, க = 0 என்றே வரும். ஆனால் கூற்று 1-இல் இடப்பக்கம் குறை எண்ணாக முடியாது; ஆகவே 4க − 3 ≥ 0, அதாவது க ≥ 3/4. க = 0 போலித் தீர்வு; பிரதியிட்டால் 3 = −3 என்று வரும். கூற்று 1 போதும், அதற்குச் சமன்பாட்டைத் தீர்க்கவே வேண்டியதில்லை. கூற்று 2-இல் க = 0 மெய்யான தீர்வு, எனவே போதாது. மட்டுக்குறி ஒரு பக்கம் மட்டும் இருந்தால், மறுபக்கம் ≥ 0 என்பதை முதல் வரியாக எழுதிவிடுங்கள்.

“க > ச ஆ?” என்ற வினாவில் |க| > |ச| வந்தால் இரு பக்கமும் வர்க்கப்படுத்தலாம், இரண்டும் குறையல்ல என்பதால். (க − ச)(க + ச) > 0 கிடைக்கும். இது தனியாகப் போதாது (−3, 2 எனில் ‘இல்லை’, 3, 2 எனில் ‘ஆம்’). க + ச > 0 என்ற கூற்றும் தனியாகப் போதாது. இரண்டும் சேர்ந்தால் க − ச > 0, போதும். ஆனால் க/ச > 1 என்று கொடுத்தால் ச-வால் பெருக்கி க > ச என்று எழுதாதீர்கள். ச குறை எண்ணானால் அசமன்பாட்டுக் குறி திரும்பிவிடும்: −3/−2 = 1.5, ஆனாலும் −3 < −2.

எண்களைப் போட்டுச் சோதிக்கும்போது 2, 3 என்று வசதியானவற்றோடு நின்றுவிடாமல் −2, −1, −1/2, 0, 1/2, 1, 2 ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வினாவில் ‘முழு எண்’ என்று சொல்லாதவரை பின்னங்களும் உண்டு. முதலில் ‘ஆம்’ வந்தால், அடுத்த எண்ணை ‘இல்லை’ வரவழைக்கவென்றே தேர்ந்தெடுங்கள். இன்னொரு ‘ஆம்’ எதையும் நிரூபிக்காது.

இரண்டு கூற்றுகளும் ஒன்றையொன்று மறுக்காது என்பது இவ்வகை வினாக்களின் விதி. ஒன்றிலிருந்து க = 2 மட்டும், மற்றதிலிருந்து க = 6 மட்டும் வந்தால் கணக்கில் எங்கோ பிழை; பெரும்பாலும் மட்டுக்குறியை நீக்கும்போது ஒரு பக்கத்துக்கு மட்டும் போக வேண்டிய குறை அடையாளம் தவறிய இடமாக இருக்கும்.