பெர்மாங்கனேட் நிறம் மறையும் வேகத்தை அளப்பது எப்படி? ஆக்சாலிக் அமில வினை, படிப்படியாக

மேல்நிலை வகுப்பில் தரம் பார்த்தல் செய்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். சூடான ஆக்சாலிக் அமிலத்தில் பியூரெட்டிலிருந்து விழும் முதல் சில சொட்டுப் பெர்மாங்கனேட்டின் நிறம் சற்று நேரம் நின்று மெல்ல மறையும். பின்னால் வரும் சொட்டுகளோ விழுந்த கணமே நிறமிழந்துவிடும். இந்த வேறுபாட்டை எண்களாக மாற்றுவதே நம் வேலை. 1866இல் ஆக்ஸ்ஃபோர்டு வேதியியலாளர் ஹார்கோர்ட்டும் கணிதவியலாளர் எஸ்ஸனும் ஆராய்ந்து வெளியிட்ட அதே வினைதான் இது. வினைகள் எவ்வளவு வேகமாக நடக்கின்றன என்று ஆராயும் வினைவேகவியலைத் தொடங்குவோருக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

கரைசல்களிலிருந்து தொடங்குவோம். 0.79 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை 250 மி.லி. வாலை வடிநீரில் கரைத்தால் 0.02 மோலார் கரைசல் கிடைக்கும். அதைக் கொதிக்க வைத்து, ஓரிரவு ஆறவிட்டு, கண்ணாடித்துகள் வடிகட்டியில் வடித்து, பழுப்பு நிறப் புட்டியில் வையுங்கள். வடிதாளைப் பயன்படுத்தக் கூடாது. தாளே பெர்மாங்கனேட்டால் ஆக்சிஜனேற்றம் அடைந்து மாங்கனீசு டையாக்சைடு உண்டாகும், அது கரைசல் மேலும் சிதைவதை விரைவுபடுத்தும். அளவீட்டுக்கு இதைப் பத்து மடங்கு நீர்த்துக்கொள்ளுங்கள். ஆக்சாலிக் அமிலம் 0.1 மோலார், அதாவது 100 மி.லி.யில் 1.26 கிராம் நீரேற்றப் படிகம். கந்தக அமிலம் 2.5 மோலார், எப்போதும் அமிலத்தைத்தான் நீரில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். அடர் கந்தக அமிலம் திடப் பெர்மாங்கனேட் மீது ஒருபோதும் படக் கூடாது, வெடிக்கும் சேர்மம் உண்டாகும். ஆக்சாலிக் அமிலம் நச்சுத்தன்மை உடையது என்பதால் பிப்பெட்டை வாயால் உறிஞ்சாதீர்கள். கந்தக அமிலத்துக்குப் பதிலாக ஹைட்ரோகுளோரிக் அமிலம் கூடாது. குளோரைடையும் பெர்மாங்கனேட் ஆக்சிஜனேற்றிவிடும்.

கருவியைப் பொறுத்தவரை, கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று (உறிஞ்சுதிறன்) அளக்கும், பச்சை ஒளி தரும் எளிய கலரிமீட்டரே போதும். பெர்மாங்கனேட் 525 நானோமீட்டர் அருகில் ஒளியை மிக வலுவாக உறிஞ்சுகிறது. கைபேசிக் கேமராவை நான் பரிந்துரைப்பதில்லை. நிறம் மங்க மங்க அது வெளிச்சத்தைத் தானே சரிசெய்துகொள்வதால், நாம் அளக்க விரும்பும் மாற்றத்தையே அழித்துவிடுகிறது.

ஒரு குடுவையில் நீர் 30 மி.லி., கந்தக அமிலம் 10 மி.லி., ஆக்சாலிக் அமிலம் 5 மி.லி. சேர்த்து 25 டிகிரி நீர்த்தொட்டியில் வையுங்கள். நீர்த்த பெர்மாங்கனேட் 5 மி.லி.யைக் கடைசியில் ஒரே வீச்சில் ஊற்றிக் கலக்கி, அந்தக் கணத்திலேயே நிறுத்துக் கடிகாரத்தைத் தொடங்குங்கள். இப்போது பெர்மாங்கனேட்டின் செறிவு 0.0002 மோலார், 1 செ.மீ. குவெட்டில் (கலரிமீட்டரில் கரைசலை வைக்கும் சிறு கலம்) தொடக்க உறிஞ்சுதிறன் 0.5ஐ ஒட்டி இருக்க வேண்டும். இந்தச் செறிவுக்கு ஒரு காரணம் உண்டு. உண்டாகும் கார்பன் டையாக்சைடு 0.001 மோலார் மட்டுமே என்பதால் முழுதும் கரைந்தே நிற்கும், குவெட் சுவரில் குமிழி ஒட்டி அளவீட்டைக் கெடுக்காது. பதினைந்து வினாடிக்கு ஒருமுறை அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலோர் தடுமாறுவது இதற்கு அடுத்த கட்டத்தில். ஆக்சாலிக் அமிலம் தேவைக்கு இருபது மடங்கு இருப்பதால் அதன் செறிவு ஏறக்குறைய மாறாது, வேகம் பெர்மாங்கனேட்டின் செறிவை மட்டுமே பொறுத்தது என்று கருதி, உறிஞ்சுதிறனின் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும் என்று எதிர்பார்ப்போம். வராது. முதலில் கிட்டத்தட்டக் கிடைக்கோடாக நகர்ந்து, பிறகு செங்குத்தாகச் சரியும் வளைவே கிடைக்கும். கருவியில் பழுது என்று எண்ணிச் சோதனையைக் கைவிட வேண்டாம்; வினையின் இயல்பே அதுதான். பெர்மாங்கனேட் ஒடுக்கமடைந்து உண்டாகும் மாங்கனீசு இரண்டு அயனி, மிஞ்சியிருக்கும் பெர்மாங்கனேட்டோடு வினைபுரிந்து மாங்கனீசு மூன்று அயனியைத் தருகிறது. அது ஆக்சலேட்டோடு அணைவுச் சேர்மமாகி, ஆக்சலேட்டைக் கார்பன் டையாக்சைடாக மாற்றிவிட்டு மீண்டும் மாங்கனீசு இரண்டாகிறது. விளைபொருளே வினையூக்கியாகும் இதுதான் தன்வினையூக்கம்.

ஆகவே வேறு வரைபடம் தேவை. தொடக்க உறிஞ்சுதிறனிலிருந்து அந்தந்த நேர உறிஞ்சுதிறனைக் கழித்து, வரும் எண்ணை அந்த நேர உறிஞ்சுதிறனாலேயே வகுத்து, அதன் இயற்கை மடக்கையை நேரத்துக்கு எதிராக வரையுங்கள். தொடக்கத் தாமதம் கழிந்த பகுதி நேர்கோட்டை நெருங்கும். அதன் சாய்வைத் தொடக்கப் பெர்மாங்கனேட் செறிவால் வகுத்தால் வினையூக்கப் பாதையின் மாறிலி கிடைக்கும். இடையில் மாங்கனீசு மூன்று தங்கி நிற்பதால் இதை ஒரு தோராய மாறிலியாகவே கொள்ள வேண்டும்.

விளக்கம் சரிதானா என்று பார்க்க, நீரில் 1 மி.லி.யைக் குறைத்து அந்த இடத்தில் 0.01 மோலார் மாங்கனீசு சல்பேட் 1 மி.லி. சேர்த்து மீண்டும் அளந்து பாருங்கள். தொடக்கத் தாமதம் பெரிதும் மறைந்துவிடும். இந்த ஒரு சோதனைக்காகவே முழுவதையும் செய்யலாம்.

பிற்சேர்க்கை: இதைச் செய்து பார்த்த வாசகர்களிடமிருந்து இரண்டு ஐயங்கள் வந்தன. ஒருவருக்கு ஒவ்வொரு முறையும் தாமதம் வெவ்வேறாக வந்தது. பெர்மாங்கனேட் பயன்படுத்திய கண்ணாடிக் கலத்தின் உட்சுவரில் மெல்லிய பழுப்புப் படலம் ஒட்டியிருக்கும். அது மாங்கனீசு டையாக்சைடு. புதிய கரைசலிலுள்ள ஆக்சாலிக் அமிலம் அதைக் கரைத்து மாங்கனீசு இரண்டாக்குவதால் தாமதம் குறைந்துவிடுகிறது. அமிலமிட்ட ஆக்சாலிக் கரைசலால் படலத்தை நீக்கி, வாலை வடிநீரில் பலமுறை அலசிய பிறகே அடுத்த அளவீட்டுக்குப் போங்கள். இன்னொருவருக்கு இறுதியில் உறிஞ்சுதிறன் பூச்சியத்துக்கு வராமல் கரைசல் பழுப்பாகவே நின்றது. கந்தக அமிலம் போதாதபோது இப்படி ஆகும், 10 மி.லி.யைக் குறைக்காதீர்கள்.