ஹைப்பரா, ஹைப்போவா?

மெடிக்கல் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் முதலில் சொல்லின் முன்னொட்டைப் பாருங்கள். ஹைப்பர் என்றால் அளவுக்கு மேல், ஹைப்போ என்றால் அளவுக்குக் கீழ். காதில் விழும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பொருள் நேர் எதிர். ஹைப்பர்டென்ஷன் உயர் ரத்த அழுத்தம், ஹைப்போடென்ஷன் தாழ்ந்த ரத்த அழுத்தம். ஹைப்போகிளைசீமியா என்றால் சர்க்கரை இறங்கிவிட்டது, பொதுவாக டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழ். நினைவோடு இருப்பவருக்கு உடனே இனிப்பு கொடுக்க வேண்டிய நிலை அது. ஹைப்பர் என்று தப்பாகப் புரிந்துகொண்டு இனிப்பைத் தள்ளிவைத்தால் ஆபத்து.

தைராய்டில்தான் பலரும் குழம்பிப்போகிறார்கள். ரிப்போர்ட்டில் டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) ஏறியிருக்கும், டாக்டரோ ஹைப்போ என்பார். இரண்டுமே சரிதான். டிஎஸ்ஹெச் சுரப்பது தைராய்டு அல்ல, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி. தைராய்டு மந்தமானால் ‘இன்னும் சுர’ என்று பிட்யூட்டரி விரட்டும். அதனால்தான் அந்த எண் ஏறுகிறது. ஹைப்போ என்பது தைராய்டு ஹார்மோன் குறைந்ததைச் சொல்கிறது.

அப்பா, அம்மாவின் மருந்துச் சீட்டில் இப்படி ஒரு சொல் இருந்தால், டாக்டரிடமே கேட்டு, பக்கத்தில் ‘கூடுதல்’ அல்லது ‘குறைவு’ என்று தமிழில் எழுதி வையுங்கள்.