சாம்பல் டப்பாவும் பத்து இரவுகளும்: பிள்ளைகள் முகாமின் வழக்கங்களைக் காப்பாற்றுவது எப்படி

என்னிடம் ஒரு தகர டப்பா இருக்கிறது. திருகு மூடி போட்டது. உள்ளே இரண்டு கைப்பிடி சாம்பல். கோடை விடுமுறையில் 9 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்து இரவு தங்கும் முகாம் ஒன்றில் 17 வருடங்களாகத் தன்னார்வலராக இருக்கிறேன். கடைசி இரவு எரிந்த நெருப்பின் சாம்பலில் கொஞ்சம் எடுத்து வைத்து, அடுத்த வருடம் முதல் இரவு நெருப்பு மூட்டும் முன் விறகின்மேல் தூவுவது எங்கள் வழக்கம். நாங்கள் கண்டுபிடித்ததல்ல; சாரணர்களிடமிருந்து வந்தது. மூடியின் உள்பக்கம் வருடங்களை வரிசையாக எழுதி ஒட்டிய காகிதம் இருக்கிறது. நான் சேர்ந்தபோது அதில் நான்கே வரிகள்.

முகாம் நடத்துகிறவர்கள், பெற்றோர், முன்பு முகாமுக்கு வந்து வளர்ந்துவிட்ட பிள்ளைகள் என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள்: எங்கள் முகாமிலும் இப்படி ஏதாவது வேண்டும், எப்படி ஆரம்பிப்பது? இருப்பதை எப்படி விடாமல் பார்த்துக்கொள்வது? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எதைச் செய்தாலும் ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த வழக்கம் பிள்ளையின் கையில் இருக்கிறதா, பெரியவரின் கையில் இருக்கிறதா? பெரியவர் மேடையில் நின்று செய்ய, பிள்ளைகள் உட்கார்ந்து பார்த்தால் அது வெறும் நிகழ்ச்சி. அவர் வராத வருடம் அதுவும் வராது.

முதல் வேலை, எழுதி வைப்பது

எங்கள் முகாமில் விளக்கணைக்கும் நேரத்தில் ஒருவர் புல்லாங்குழலில் ஒரு சின்ன மெட்டு வாசிப்பார். அவர் வேலை மாறிப் போனார். மறு வருடம் மெட்டு இல்லை, விசில்தான். பிள்ளைகள் முதல் இரவே கேட்டார்கள். எங்களில் ஒருவருக்கும் அந்த மெட்டு முழுசாகத் தெரியவில்லை. பழைய பிள்ளைகள் நான்கு பேரைத் தேடிப் பிடித்து, ஆளுக்கொரு துண்டாக முனகச் சொல்லி, ஒட்டுப் போட்டு மீட்டோம். அன்று வாங்கியதுதான் எங்கள் நோட்டு.

அதில் ஒவ்வொரு வழக்கத்துக்கும் ஒரு பக்கம். எப்போது நடக்கும், யார் செய்வார்கள், என்ன பொருள் வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும், எங்கிருந்து வந்தது, யாருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். கடைசிக் கேள்விக்குக் குறைந்தது இரண்டு பெயர் இருக்க வேண்டும். ஒரே பெயர்தான் இருந்தால் அந்த முகாம் முடிவதற்குள் இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். பாட்டு, மெட்டு எல்லாம் போனில் பதிவு செய்தால் போதும்.

நீடித்து நிற்கிற வழக்கங்களைப் பார்த்தால் பெரும்பாலும் சின்னவையாக இருக்கும். அமெரிக்க முகாம்கள் பலவற்றில் இரவில் ஊதும் 'டாப்ஸ்' 1862-ல், உள்நாட்டுப் போரின் நடுவே, படைமுகாமில் பிறந்த மெட்டு. மொத்தம் 24 சுரங்கள். அதிலும் வெவ்வேறு சுரம் என்று பார்த்தால் நான்குதான். ஒரு பிள்ளை ஒரே வாரத்தில் பழகிவிடலாம். அரைமணி நேர நாடகத்தை வழக்கமாக்க நினைப்பவர்களுக்கு நான் இந்த 24 சுரங்களைத்தான் ஞாபகப்படுத்துவேன்.

வழக்கத்தின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், முழுசாகச் சொல்லுங்கள். 1907 ஆகஸ்டில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சுமார் இருபது சிறுவர்களோடு முகாம் போட்டபோது, 'குடு' என்ற ஆப்பிரிக்க மானின் கொம்பை ஊதித்தான் அவர்களை எழுப்பினார். 1919-ல் இங்கிலாந்தின் கில்வெல் பூங்காவில் சாரணத் தலைவர்களுக்காகத் தொடங்கிய முதல் பயிற்சியிலும் அதே கொம்பு ஒலித்தது. கேட்க இனிமையான கதை. ஆனால் அந்தக் கொம்பு 1896-ல் ஆப்பிரிக்காவில் மட்டபெலே மக்கள்மீது நடந்த போரின்போது அவர் கைக்கு வந்தது. அதையும் சேர்த்தே சொல்கிறேன். பெரிய பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், கேட்கட்டும்.

நெருப்பைச் சுற்றி

முகாமில் மற்றதெல்லாம் மறந்தாலும் நெருப்பு மறக்காது. அதனால் இதற்கு நேரம் ஒதுக்கித் திட்டமிடுங்கள்.

நெருப்பின் உயரத்தோடு நிகழ்ச்சியும் போக வேண்டும். தழல் உயரமாக எரியும்போது கைதட்டல், கூச்சல், ஆட்டம், குட்டி நாடகம். தழல் இறங்க இறங்க மெதுவான பாட்டு, ஒரு கதை. கங்கு மட்டும் மிஞ்சும்போது பேச்சே வேண்டாம். பலர் செய்யும் தவறு, நன்றாகப் போகிறதே என்று கடைசியில் இன்னும் விறகு போடுவது. பிள்ளைகள் மறுபடி துள்ளுவார்கள், பிறகு கூடாரத்தில் தூக்கமே வராது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குமேல் இழுக்காதீர்கள்.

பாட்டைப் பெரியவர் ஆரம்பித்தால், அதிலும் ஆண் குரலாக இருந்தால், சுருதி பிள்ளைகளுக்கு ரொம்பக் கீழே போய்விடும். அவர்கள் முணுமுணுப்பார்கள், நாம் இவர்களுக்குப் பாட ஆர்வம் இல்லை என்று நினைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளையை விட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள், வித்தியாசம் உடனே தெரியும். ஒருவர் பாட மற்றவர்கள் திருப்பிப் பாடும் பாட்டுகள் புதுப் பிள்ளைகளுக்கு மிக நல்லது. வார்த்தை தெரியவில்லையே என்ற கூச்சம் வராது. நாளைக்கு ஒரு புதுப் பாட்டு போதும்.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுற்றிலும் சருகு, புல் இல்லாத தரை. கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் வாளியும் மணலும். நெருப்பை மட்டுமே பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர். அவருக்கு அன்று பாட்டு, கதை எந்தப் பொறுப்பும் கிடையாது. முடிந்ததும் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

சாம்பல் சேர்ப்பதில் அவசரமே கூடாது. சாம்பலுக்கு அடியில் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீர் ஊற்றி அணைத்த மறுநாள், ஓரத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து இரும்புத் தட்டில் பரப்பி, கட்டிகளை உடைத்து, நன்றாக ஆறிக் காய்ந்தபிறகே டப்பாவில் போடுகிறோம். டப்பா தகரமாகத்தான் இருக்க வேண்டும், பிளாஸ்டிக்கும் காகிதப் பையும் வேண்டாம்.

தூவுவது எப்போதும் அந்த வருடத்தின் ஆகச் சின்னப் பிள்ளை. மூன்று வருடங்களுக்கு முன் அது ஒன்பது வயதுச் சிறுமி. வந்ததிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விறகுக்குப் பக்கத்தில் நின்றவள் மெல்லக் கேட்டாள்: "அக்கா, இதுல எங்க அக்கா வந்த வருஷத்துச் சாம்பலும் இருக்கா?" இருக்கு என்று சொல்லி, மூடியைத் திருப்பி டார்ச் அடித்து அந்த வருடத்தைக் காட்டினேன். அந்த எண்ணின்மேல் விரலை வைத்து ஒரு நிமிடம் நின்றாள். அப்புறம்தான் தூவினாள். அன்று ராத்திரி அவள் கூடாரத்தில் அதிகம் பேசியது அவள்தான் என்று காலையில் சொன்னார்கள்.

முதல் இரவும் பெற்றோரும்

வீட்டு ஞாபகம் அநேகமாக எல்லாப் பிள்ளைக்கும் வரும், முதல் இரண்டு இரவுகளில் கூடுதலாக வரும். ஆகவே சிறப்பான வழக்கங்களைக் கடைசி இரவுக்கு மட்டும் சேர்த்து வைக்காதீர்கள், முதல் இரவுக்கும் ஒன்று வேண்டும். எங்களிடம் ஏற்கனவே வந்த பிள்ளை ஒருவர் புதுப் பிள்ளை ஒருவரைக் கூட்டிப்போய் இருட்டுவதற்குள் முகாமைச் சுற்றிக் காட்டுவார். கழிவறை, தண்ணீர்க் குழாய், ராத்திரி பயம் வந்தால் எழுப்ப வேண்டிய பெரியவரின் இடம். பாதிப் பயம் அங்கேயே போய்விடுகிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "பிடிக்கலேன்னா உடனே வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். முதல் இரவே அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டு பிள்ளை காத்திருக்க ஆரம்பித்துவிடும். கடிதம் எழுதுங்கள். இரண்டு மூன்று எழுதி, நாள் போட்டு, சேர்க்கும் அன்றே எங்களிடம் கொடுத்துவிட்டால் இரண்டாம் நாளே பிள்ளையின் கையில் ஒன்று இருக்கும். நீ இல்லாமல் வீடே வெறிச்சோடிக் கிடக்கிறது என்று எழுத வேண்டாம். அங்கே என்ன கற்றுக்கொண்டாய், யார் சிநேகிதம், வந்ததும் எந்தப் பாட்டைச் சொல்லித் தருவாய் என்று கேளுங்கள். திரும்பி வந்தபின் அந்தப் பாட்டை உட்கார்ந்து கேட்பதும் முகாமுக்கு நீங்கள் செய்யும் உதவிதான்.

விட வேண்டியதை விடுங்கள்

இதைச் சொல்ல எனக்கு இன்னமும் வருத்தமாக இருக்கிறது. எங்கள் முகாமில் பொருளைத் தொலைத்தவர் பெஞ்சில் ஏறி நின்று தனியாகப் பாடினால்தான் பொருள் திரும்பக் கிடைக்கும் என்று ஒரு வழக்கம் இருந்தது. எல்லாரும் சிரிப்போம், நானும் சிரித்திருக்கிறேன். நான் சேர்ந்த மூன்றாம் வருடம், பேச்சுத் திக்கும் பதினொரு வயதுப் பையன் ஒருவனின் ஸ்வெட்டர் தொலைந்தது. அது மேசையில் எல்லார் கண்ணுக்கும் தெரியக் கிடந்தது. மூன்று இரவு அவன் அதைத் தன்னுடையது என்று சொல்லவே இல்லை. நான்காம் நாள் விடியற்காலையில், துண்டைப் போர்த்திக்கொண்டு முழங்காலைக் கட்டி உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தேன். காலரில் அவன் பெயர் தைத்திருந்தது. நாங்கள் யாருமே திருப்பிப் பார்க்கவில்லை.

அன்றே மாற்றினோம். இப்போது பொருள் கேட்டதும் கிடைக்கும். பாட்டு வேண்டும் என்றால் முகாம் முழுக்கச் சேர்ந்து பாடுவோம். சிரிப்பு குறையவே இல்லை.

ஒவ்வொரு வழக்கத்தையும் வருடத்துக்கு ஒருமுறை இப்படிச் சோதியுங்கள். வேண்டாம் என்று ஒரு பிள்ளை சொன்னால், யாரும் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளாமல் ஒதுங்கி நிற்க முடிகிறதா? அந்தப் பிள்ளையின் அம்மா பக்கத்தில் நின்றாலும் இதை இப்படியே செய்வோமா? வீட்டில் சொல்லக் கூடாது என்று ரகசியம் காக்கச் சொல்கிறதா? புதியவர்களைப் பயமுறுத்துவது, அடிபணிய வைப்பது, தூக்கத்தில் எழுப்பி இருட்டில் நடத்திப் போவது எல்லாம் மரபு என்ற பெயரில் வந்தாலும் நிறுத்தப்பட வேண்டியவை. இன்னொரு மக்களின் சடங்கையும் உடையையும் விளையாட்டாகப் போட்டு நடிப்பதும் அப்படித்தான். அமெரிக்காவில் பூர்வகுடிகளின் பெயரில் அப்படிச் சடங்கு நடத்திவந்த முகாம்கள் பல, அவர்களின் எதிர்ப்பைக் கேட்டபின் அதை விட்டுவிட்டன.

புது வழக்கம் எப்படிப் பிறக்கும்? இதோ இன்று முதல் இது நம் மரபு என்று அறிவித்தால் பிறக்காது. ஒரு வருடம் விடாத மழை, விறகு பற்றவே இல்லை. கூடத்தின் நடுவில் தண்ணீர் கேன்களை அடுக்கி, பின்னால் டார்ச்சுகளைப் பொருத்தி, அதைச் சுற்றி உட்கார்ந்து பாடினோம். மறு வருடம் நல்ல வெயில். ஆனாலும் மூன்றாம் நாளே பிள்ளைகள் வந்து "டார்ச் நெருப்பு எப்போ?" என்று கேட்டார்கள். அவர்களாகக் கேட்டதால் நோட்டில் அதற்கும் ஒரு பக்கம் போட்டோம். கேட்காதவை எத்தனையோ உண்டு, அவற்றை அப்படியே விட்டுவிட்டோம்.

கடைசி இரவு

சிறந்த பிள்ளை என்று கோப்பை கொடுப்பதை நாங்கள் நிறுத்தி ரொம்ப நாளாகிறது. அதற்குப் பதில் ஒவ்வொரு கூடாரத்தின் பொறுப்பாளரும் இரண்டாம் நாளிலிருந்து தன் எட்டுப் பிள்ளைகளைப் பற்றி ஆளுக்கு ஒரு வரி எழுதி வருவார். இரவில் பத்து நிமிட வேலை. கடைசி இரவு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரியைப் படிப்பார். 'நல்ல பையன்', 'சுறுசுறுப்பு' என்பதெல்லாம் செல்லாது. கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும்: "மழை வந்தப்போ எல்லாரோட செருப்பையும் நீதான் உள்ளே எடுத்து வெச்சே." இதைக் கேட்கும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். தன்னை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று அப்போதுதான் அதற்குத் தெரியும்.

அன்று மதியம் ஒவ்வொருவரும் தனக்கே ஒரு கடிதம் எழுதி, உறையில் ஒட்டி, விலாசம் போட்டுக் கொடுப்பார்கள். எழுத வராதவர்கள் படம் வரையலாம். பெரியவர்கள் பிரித்துப் படிக்க மாட்டோம், அதை முன்னாலேயே சொல்லிவிடுவோம். ஆறு மாதம் கழித்துத் தபாலில் போடுவோம். இந்த வேலையை யார் செய்வது என்று முகாம் முடியும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஒரு வருடம் நாங்கள் மறந்து பதினோரு மாதம் கழித்துத்தான் போட்டோம், அதுவரை பிள்ளைகள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பழைய பிள்ளைகள் உதவ வந்தால் வேலை கொடுங்கள். பெஞ்சு செப்பனிட, கொடி தைக்க, பாட்டுப் புத்தகத்தைப் பிரதி எடுக்க, கட்டணம் கட்ட முடியாத ஒரு பிள்ளைக்குப் பணம் சேர்க்க. 'எங்க காலத்துல' என்று பேச ஒரு மாலை போதும். பிள்ளைகளோடு தங்குகிறவர் எத்தனை வருடம் பழகியவராக இருந்தாலும், புதியவருக்குச் செய்யும் அதே விசாரணையும் பயிற்சியும் உண்டு. ஒரு பிள்ளையோடு யாரும் தனித்து இருக்கக் கூடாது என்ற விதியிலும் விலக்கு கிடையாது.

மூடியில் ஒட்டிய காகிதம் போன வருடத்தோடு நிறைந்துவிட்டது. முதல் இரவு தன் அக்கா வந்த வருடத்தைத் தேடிய அந்தச் சிறுமிக்கு இப்போது பன்னிரண்டு வயது. புதுக் காகிதத்தை வட்டமாக வெட்டி, முதல் வரியை அவளே எழுதி ஒட்டியிருக்கிறாள்.