விஎம்மும் ஹோஸ்ட்டும் பேசிக்கொள்ள: முதலில் கூப்பிடுவது யார்?

விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) உபுண்டு சர்வரை ஏற்றியாயிற்று. உள்ளே இன்டர்நெட் வருகிறது, அப்டேட்டும் இறங்குகிறது. ஆனால் ஹோஸ்ட்டின், அதாவது நம் நிஜக் கணினியின், பிரவுசரில் அந்த விஎம்மின் (விர்ச்சுவல் மெஷின், உள்ளே ஓடும் கணினி) முகவரியை அடித்தால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் முட்டிக்கொள்கிற இடம் இது. "பிரிட்ஜ்டுக்கு மாற்றிப் பார்" என்று யாராவது சொல்வார்கள், மாற்றுவோம், வேலை செய்யும். ஏன் செய்தது என்று கேட்டால் பதில் இருக்காது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் ஓட்டினேன்.

நாட், ஹோஸ்ட்-ஒன்லி, பிரிட்ஜ்டு என்று நெட்வொர்க் மோடுகளின் பெயர்களை உருப்போட வேண்டாம். முதல் செய்தியை அனுப்புவது யார் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். விஎம் வெளியே கூப்பிடுகிறதா, வெளியிலிருந்து விஎம்மைக் கூப்பிடுகிறோமா? எந்த மோட் வேண்டும் என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். ஹோஸ்ட்டில் எந்த இயங்குதளம் இருந்தாலும் பரவாயில்லை.

படி 1: விஎம் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

விஎம்முக்குள் 'ஐபி அட்ரஸ்' என்று அடியுங்கள். எதையும் மாற்றாமல் நிறுவியிருந்தால் 10.0.2.15 என்ற முகவரி தெரியும். இன்னொரு விஎம்மைக் கிளப்பி அதிலும் பாருங்கள். அங்கும் 10.0.2.15தான்!

இது பிழை இல்லை. நாட் மோடில் ஒவ்வொரு விஎம்முக்கும் தனித்தனியாக ஒரு குட்டி ரவுட்டரை விர்ச்சுவல்பாக்ஸ் வைத்துக் கொடுக்கிறது. ஆளுக்கொரு காம்பவுண்டுச் சுவர். அதனால் இரண்டு பேருக்கும் ஒரே கதவு எண் இருந்தாலும் மோதல் வராது, ஆனால் ஒருவரை ஒருவர் பார்க்கவும் முடியாது. விஎம் வெளியே ஒரு செய்தி அனுப்பினால், விர்ச்சுவல்பாக்ஸ் அதை வாங்கி, ஹோஸ்ட்டில் ஓடும் சாதாரண புரோகிராம் அனுப்புவதுபோலத் தன் பெயரில் அனுப்புகிறது. யாருக்காக அனுப்பினோம் என்று குறித்துவைத்துக்கொள்வதால் பதில் சரியாக உள்ளே வந்துவிடுகிறது. வெளியிலிருந்து திடீரென்று வருகிற செய்திக்கு அப்படி ஒரு குறிப்பு இல்லை. யாரிடம் சேர்ப்பது என்று தெரியாமல் அது வாசலோடு நின்றுபோகிறது.

படி 2: சுவரில் ஒரு கதவு

ஒன்றிரண்டு சேவைகள்தான் வேண்டும் என்றால் மோடையே மாற்றத் தேவையில்லை, போர்ட் ஃபார்வர்டிங் போதும். போர்ட் என்பது ஒரு சேவையின் கதவு எண்; ஹோஸ்ட்டின் ஒரு கதவுக்கு வருவதை விஎம்மின் ஒரு கதவுக்குத் திருப்பிவிடுகிறோம். விஎம்மின் செட்டிங்ஸில் நெட்வொர்க், அதில் அடாப்டர் 1, அங்கே போர்ட் ஃபார்வர்டிங் பட்டன். கண்ணில் படவில்லை என்றால் அட்வான்ஸ்டு அல்லது எக்ஸ்பர்ட் பகுதியை விரித்துப் பாருங்கள். புது வரி சேர்த்து ஹோஸ்ட் போர்ட் 8000, கெஸ்ட் (அதாவது விஎம்) போர்ட் 8000 என்று கொடுங்கள். ஹோஸ்ட் ஐபி கட்டத்தில் 127.0.0.1 என்று போடுங்கள், அது ஒரு கணினி தன்னையே கூப்பிடும் முகவரி. பலரும் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். காலியாக விட்டால் உங்கள் ஹோஸ்ட்டுக்கு உள்ள எல்லா முகவரியிலும் அந்தக் கதவு திறக்கும். ஹோஸ்ட்டின் ஃபயர்வால் தடுக்காதவரை, அதே வைஃபையில் இருக்கிற வேறு யாரும் உள்ளே வரலாம்.

இப்போது விஎம்முக்குள் 'பைத்தான்3 -எம் ஹெச்டிடிபி.சர்வர் 8000' என்று அடியுங்கள். ஹோஸ்ட் பிரவுசரில் 'லோக்கல்ஹோஸ்ட்:8000' போட்டால் விஎம்மின் கோப்புப் பட்டியல் வந்து நிற்கும். அதோடு எழுந்து போய்விடாமல் விஎம்மின் டெர்மினலைப் பாருங்கள். வந்தவரின் முகவரி ஒரு வரியாக விழுந்திருக்கும்: 10.0.2.2. கூப்பிட்டது ஹோஸ்ட்தான், ஆனால் விஎம்மின் கண்ணுக்குக் குட்டி ரவுட்டரின் முகம்தான் தெரிகிறது. யார் எங்கிருந்து வந்தார்கள் என்று லாக்கில் பார்த்து ஒரு அப்ளிகேஷனைச் சோதிக்கிறவர்களை நாட் இப்படித்தான் ஏமாற்றும்.

எஸ்எஸ்ஹெச்சுக்கும் (தொலைவிலிருந்து டெர்மினலில் நுழையும் வழி) இதே வழிதான். ஹோஸ்ட்டின் 2222ஐக் கெஸ்ட்டின் 22க்குத் திருப்புங்கள். 22க்கு 22 என்றே வைக்காததற்குக் காரணம், லினக்ஸில் 1024க்குக் கீழே உள்ள போர்ட்டைத் திறக்க வழக்கமாக நிர்வாகி உரிமை வேண்டும். தவிர, ஹோஸ்ட்டிலேயே எஸ்எஸ்ஹெச் சர்வர் ஓடினால் 22 ஏற்கெனவே போயிருக்கும்.

எதிர்த்திசையில், விஎம் தன் ஹோஸ்ட்டைக் கூப்பிட வேண்டுமானால் 10.0.2.2 என்ற முகவரியையே பயன்படுத்தலாம். ஹோஸ்ட்டின் 127.0.0.1இல் மட்டும் ஓடுகிற சேவைக்கு, விர்ச்சுவல்பாக்ஸில் 'நாட்-லோக்கல்ஹோஸ்ட்ரீச்சபிள்' என்ற தெரிவு ஆன் ஆகியிருக்க வேண்டும்.

படி 3: இருவருக்கும் பொதுவான ஒரு தெரு

விஎம்கள் இரண்டு மூன்று ஆகி, ஹோஸ்ட்டோடும் தங்களுக்குள்ளும் பேச வேண்டும் என்றால் கதவு கதவாகத் திறந்து மாளாது. ஹோஸ்ட்-ஒன்லி நெட்வொர்க்தான் சரி. நாட்டைக் கழற்றிவிடாதீர்கள், அது இன்டர்நெட்டுக்கு வேண்டும். விஎம்மை அணைத்துவிட்டு அடாப்டர் 2ஐ எனேபிள் செய்து, அதை ஹோஸ்ட்-ஒன்லியில் கோத்துவிடுங்கள். இந்தத் தெருவில் ஹோஸ்ட்டின் வழக்கமான முகவரி 192.168.56.1. விர்ச்சுவல்பாக்ஸின் டிஹெச்சிபி (கேட்பவர்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் சேவை) கடைசி எண்ணாக 101 முதல் 254 வரை விஎம்களுக்குக் கொடுக்கும்.

விஎம்மைக் கிளப்பி மறுபடி 'ஐபி அட்ரஸ்' அடித்தால் 'ஈஎன்பி0எஸ்8' என்று புதிய கார்டு ஒன்று தெரியும். முகவரி மட்டும் இருக்காது. உபுண்டு சர்வர் நிறுவும்போது இருந்த கார்டைத்தான் கட்டமைப்பில் எழுதிவைத்தது, பிறகு வந்ததை அது கண்டுகொள்ளாது. கையால் எழுப்புவோம்:

'சுடோ ஐபி லிங்க் செட் ஈஎன்பி0எஸ்8 அப்'

'சுடோ ஐபி அட்ரஸ் ஆட் 192.168.56.10/24 டெவ் ஈஎன்பி0எஸ்8'

10ஐத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு, அது டிஹெச்சிபி கொடுக்கும் எண்களுக்கு வெளியே இருக்கிறது. ரீபூட் செய்தால் இது மறந்துபோகும். நிரந்தரமாக்க உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பான நெட்பிளான் கோப்பில் இதே முகவரியை எழுத வேண்டும், அதைச் சோதனை முடிந்தபிறகு செய்துகொள்ளலாம்.

விஎம்மை அணைத்ததில் பைத்தான் சர்வர் நின்றுபோயிருக்கும், அதை மறுபடி ஓடவிடுங்கள். இப்போது ஹோஸ்ட் பிரவுசரில் 192.168.56.10:8000. டெர்மினலில் விழும் வரியில் இந்த முறை 192.168.56.1 இருக்கும். ஹோஸ்ட் தன் சொந்த முகத்தோடு வந்திருக்கிறது.

படி 4: வழிப் பலகையைப் படியுங்கள்

விஎம்முக்கு இப்போது இரண்டு வாசல். எந்தச் செய்தி எதன் வழியாகப் போகும்? 'ஐபி ரூட்' என்று அடித்தால் முக்கியமாக இரண்டு வரிகள் கண்ணில் படும். ஒன்று, 'டீஃபால்ட் வயா 10.0.2.2'. இன்னொன்று, '192.168.56.0/24 டெவ் ஈஎன்பி0எஸ்8'. கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒவ்வொரு செய்தியின் முகவரியையும் இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு, இருப்பதிலேயே குறுகலாகப் பொருந்துகிற வரியை எடுக்கிறது. 192.168.56இல் தொடங்கினால் இரண்டாம் வாசல். எதிலும் பொருந்தாதது டீஃபால்ட் வழியே குட்டி ரவுட்டருக்குப் போகும். சந்தேகம் வந்தால் 'ஐபி ரூட் கெட் 192.168.56.1' என்று கேளுங்கள். எந்தக் கார்டு வழியாக, எந்த முகவரியைப் போட்டு அனுப்பப்போகிறேன் என்று அதுவே சொல்லிவிடும். எனக்குத் தெரிந்து ஆரம்பத்தில் இருப்பவர்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்துகிற கட்டளை இதுதான்.

பிரிட்ஜ்டைப் பற்றி ஒரு வரி: ஹோஸ்ட் இருக்கிற அதே நெட்வொர்க்கில் விஎம்மும் தனிக் கணினிபோல உட்கார்ந்துகொள்ளும். வேறு கணினிகளும் அதைக் கூப்பிட வேண்டும் என்றால் மட்டும் போடுங்கள். வைஃபையில் இது சில சமயம் மக்கர் செய்யும், ஏனென்றால் பல வயர்லெஸ் கார்டுகள் தங்களுடையது அல்லாத மேக் முகவரியோடு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) செய்தி அனுப்ப ஒத்துக்கொள்வதில்லை.

வேலை செய்யாதபோது

பிழைச் செய்தியை முழுசாகப் படியுங்கள். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' வந்தால் பெரும்பாலும் நல்ல செய்தி: வழி சரி, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று, அந்தக் கதவில் கேட்க ஆள் இல்லை. விஎம்மில் 'எஸ்எஸ் -டிஎல்என்' அடித்தால் யார் எங்கே காத்திருக்கிறார்கள் என்று தெரியும். போர்ட்டுக்கு முன்னால் 127.0.0.1 இருந்தால் அந்தச் சேவை தன் வீட்டுக்குள் இருந்து வரும் குரலுக்கு மட்டுமே காது கொடுக்கிறது. 0.0.0.0 என்று மாற்றினால்தான் வெளிக்குரல் கேட்கும். பல டேட்டாபேஸ்கள் நிறுவியவுடன் இப்படித்தான் இருக்கும்.

பதிலே இல்லாமல் காத்துக் காத்து 'டைம்டு அவுட்' ஆனால் கதை வேறு. வழியில் தொலைந்திருக்கலாம், ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கலாம். விண்டோஸ் ஹோஸ்ட்டின் ஃபயர்வால் வெளியிலிருந்து வரும் பிங்கை (ஆள் இருக்கிறாரா என்று தட்டிப் பார்க்கும் செய்தி) வழக்கமாகத் தடுக்கும். எனவே ஹோஸ்ட்டிலிருந்து விஎம்முக்குப் பிங் போய், விஎம்மிலிருந்து ஹோஸ்ட்டுக்கு மட்டும் போகாவிட்டால் நெட்வொர்க்கைப் பிரித்துப் போடாதீர்கள்.

என்னை ஒரு மாலை முழுக்கச் சாப்பிட்டது வேறொன்று. ஒரு விஎம்மை கிளோன் எடுத்தேன், மேக் முகவரியையும் புதிதாகப் போட்டேன். எஸ்எஸ்ஹெச்சில் நுழைந்து ஒரு கோப்பு எழுதினேன். பத்து நிமிஷம் கழித்துத் திரும்ப நுழைந்தால் கோப்பைக் காணோம். மூன்றாவது முறை இருந்தது! டிஸ்க் கெட்டுவிட்டதோ என்று பயந்துபோய், கடைசியில்தான் 'ஹோஸ்ட்நேம்' அடித்துப் பார்த்தேன். ஒரே கட்டளை, முறைக்கு ஒரு பெயர். இரண்டு விஎம்மும் 192.168.56.101ஐ வாங்கி வைத்திருந்தன. உபுண்டு டிஹெச்சிபியிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது மேக் முகவரியை வைத்து அல்ல, 'மெஷின்-ஐடி' என்ற கோப்பிலிருந்து உருவாகும் அடையாளத்தை வைத்து. கிளோனில் அதுவும் அப்படியே நகலாகியிருந்தது. கிளோனின் 'ஈடிசி' அடைவில் உள்ள அந்தக் கோப்பின் உள்ளடக்கத்தை மட்டும் காலி செய்து, கோப்பை அழிக்காமல், ரீபூட் செய்தேன். இரண்டாவது விஎம் 102க்குப் போயிற்று, கோப்பும் வைத்த இடத்திலேயே இருந்தது.